தாள் சொல்லும் வரிசை

நுழையும்முன்

ஒன்றுமுதல் நூறுவரை தடையின்றி ஒப்பிக்கும் குழந்தையிடம், நாற்பத்தேழுக்கு முந்திய எண் எது என்று கேட்டால், அது மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குவதைப் பலரும் கண்டிருப்பர். ஒலிகளின் வரிசை அதன் நாவில் இருக்கிறது; வரிசையின் பொருள் இன்னும் மனத்தில் இறங்கவில்லை. இந்த இடைவெளியை நிரப்ப ஒரு கத்தரிக்கோலும் சில வண்ணத்தாள்களும் எவ்வாறு உதவுகின்றன என்பதை இப்பாடம் கூறுகிறது. வீட்டில் தம்பி தங்கையர் இருப்பின், படித்தபின் அவர்களுடன் செய்து பார்க்கலாம்.

கோத்தலும் ஒட்டலும்

ஊர்த் திருவிழாவிலும் பள்ளி ஆண்டுவிழாவிலும் வண்ணத்தாள் சங்கிலித் தோரணம் கட்டுவது வழக்கம். நீண்ட தாள்கீற்று ஒன்றை வளைத்து, நுனிகளை ஒட்டினால் ஒரு வளையம் கிடைக்கும். அடுத்த கீற்றை அவ்வளையத்தினுள் நுழைத்து ஒட்டினால் இரண்டாம் வளையம். ஐந்து வயதுக் குழந்தையும் செய்யத்தக்க எளிய வேலை இது.

எனினும் முதன்முறை செய்யும் குழந்தை பெரும்பாலும் ஒரு தவறு செய்யும். எல்லாக் கீற்றுகளையும் ஆர்வத்தோடு தனித்தனி வளையங்களாக ஒட்டி முடித்துவிட்டு, அவற்றை ஒன்றோடொன்று கோக்க முயலும். மூடிய வளையத்தினுள் மூடிய வளையம் நுழையுமா? குழந்தை திருப்பித் திருப்பிப் பார்க்கும், இழுக்கும், சிலவேளை கிழிக்கும். அருகில் இருப்பவர் அப்போது வாய்திறவாமல் இருப்பது நன்று. சற்றுநேரத்தில் குழந்தையே ஒரு வளையத்தைப் பிரித்து, மற்றொன்றினுள் நுழைத்து, மீண்டும் ஒட்டும். கோத்துவிட்டு ஒட்டலாம், ஒட்டிவிட்டுக் கோக்க முடியாது. இதனைக் குழந்தைக்கு உணர்த்தியது தாளே. ஆசிரியர் சொல்லியிருந்தால் அது ஒரு கட்டளையாகவே நின்றிருக்கும்.

வரிசைமுறை என்பது இதுதான். ஒரு செயலுக்குள் முன்னது எது, பின்னது எது என்பதும், இரண்டும் இடம்மாறினால் என்ன நேரும் என்பதும் சேர்ந்ததே வரிசையறிவு. பல் துலக்கியபின் உண்பதா, உண்டபின் துலக்குவதா என்பதில் இரண்டு முறையும் இயலும். அங்கே வரிசை வழக்கத்தால் அமைகிறது. தாள் சங்கிலியிலோ பொருளே வரிசையை வகுத்துவிடுகிறது. ஆகவே, வரிசையைக் கற்பிக்கத் தொடங்குவோர் பொருள் வகுக்கும் வரிசையிலிருந்து தொடங்குவது எளிது.

தமிழ் இலக்கணம் கற்போர் இங்கே ஒன்றைக் கவனிக்கலாம். 'கோத்து ஒட்டினாள்' என்பதில் 'கோத்து' என்பது வினையெச்சம். 'செய்து' என்னும் வாய்பாட்டைச் சேர்ந்த இவ்வெச்சத்தை இறந்தகாலம் காட்டுவனவற்றுள் நன்னூல் வைக்கிறது. அதாவது, முற்றுவினை நிகழ்வதற்கு முன்னரே எச்சவினை நிகழ்ந்து முடிந்துவிடுகிறது. 'மடித்து, வெட்டி, விரித்து, ஒட்டினான்' என்னும் தொடரில் 'முதலில்', 'பிறகு', 'அதன்பின்' முதலிய சொற்கள் ஒன்றும் இல்லை. எனினும் நான்கு செயல்களின் வரிசை ஐயமின்றி விளங்குகிறது. 'விரித்து, வெட்டி, மடித்து, ஒட்டினான்' என்றால் அவன் செய்தது வேறொரு பொருள்! ஆகவே கைவேலையின்போது ஒவ்வொரு செயலையும் குழந்தை வாய்விட்டுச் சொல்லிச் செய்யுமாறு பழக்கினால், கையும் மொழியும் ஒரே நேரத்தில் ஒழுங்குபடுகின்றன.

காக்கநாட்டுக் குழந்தைகள்

இது வெளிமாநிலங்களில் தமிழ் கற்கும் குழந்தைகளுக்குப் பெரிதும் பயன்படும். எறணாகுளம் மாவட்டத்தின் தலைமையிடமான காக்கநாட்டில் ஆட்சியர் அலுவலகமும், ஏற்றுமதி வளாகமும், இன்ஃபோபார்க் என்னும் தகவல்தொழில்நுட்பப் பூங்காவும் உள்ளன. அவற்றில் பணியாற்ற வந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் தெருவில் மலையாளம் பேசுகின்றனர். வகுப்பில் இந்தியும் ஆங்கிலமும் படிக்கின்றனர். தமிழோ வீட்டுக்குள் கேட்கும் மொழியாக, பலருக்கு எழுத்தறியா மொழியாக நிற்கிறது. அவ்வாறான குழந்தையின் கையில் எடுத்தவுடன் எழுத்தட்டையைக் கொடுத்தால் அது நான்காவது சுமையாகிவிடும். ஒரு தாளைக் கொடுத்து 'மடி', 'விரி', 'திருப்பு', 'வெட்டு', 'கோ', 'ஒட்டு' என்னும் ஆறு வினைகளைக் கையால் கற்கச் செய்தால், மொழி செயலோடு சேர்ந்து உள்ளே செல்கிறது. மலையாளத்தில் 'மடக்கி' என்பதும் தமிழில் 'மடித்து' என்பதும் ஒரே செயலைக் குறிப்பதையும், இரு மொழிகளும் வினைகளை எச்சமாக அடுக்கிக் கடைசியில் ஒரு முற்றால் முடிப்பதையும் குழந்தை தானே கண்டுகொள்ளும். பக்கத்துவீட்டு மொழி பகையன்று என்பது அப்போது தெரியும்.

கொச்சியில் வரிசைமுறைக்கு வாழும் சான்று ஒன்றும் உண்டு. மட்டாஞ்சேரியிலிருந்து சற்றுத் தொலைவில், ஃபோர்ட் கொச்சியின் வெளி என்னும் பகுதியில் 'தோபி கானா' எனப்படும் சலவைத்துறை உள்ளது. தலைமுறைகளுக்கு முன் தமிழகத்திலிருந்து வந்து குடியேறியோரின் வழித்தோன்றல்கள் அங்கே இன்றும் துணி வெளுக்கின்றனர். ஊறவைத்து, கல்லில் அடித்து, அலசி, கஞ்சியிட்டு, உலர்த்தி, பெட்டி தேய்த்து, மடித்து அடுக்குகின்றனர். இதில் எந்த ஒன்றும் இடம்மாற இயலாது. உலர்த்துவதற்குக் கவ்விகள் இல்லை. முறுக்கிய இரட்டைக் கயிற்றின் புரிகளுக்கிடையே துணியின் நுனியைச் செருகிவிடுகின்றனர். காற்று வீசினும் அது நழுவுவதில்லை. ஒரு பகல் அங்கே குழந்தைகளை அழைத்துச் சென்று, கண்ட செயல்களை ஏழு தாள்துண்டுகளில் படமாக வரையச் செய்து, கலைத்துக் கொடுத்து மீண்டும் அடுக்கச் சொன்னால் ஒரு முழுப் பாடம் ஆகும்.

சென்னையில் எழுந்த நூல்

சிறுவர் கைவேலையை அறிவுப் பயிற்சியாக வகுத்தவர்களுள் முதன்மையானவர் செருமானியரான பிரெடெரிக் புரோபெல் (1782–1852). 1837இல் பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரில் இளங்குழந்தைகளுக்கான கல்வி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 1840இல் அதற்குக் 'குழந்தைத் தோட்டம்' என்னும் பொருளுடைய கிண்டர்கார்ட்டன் என்ற பெயரைச் சூட்டினார். பந்து, உருளை, கனச்சதுரம் முதலியவற்றைக் 'கொடைகள்' என்று அழைத்து, எதன்பின் எதைக் குழந்தைக்குக் கொடுக்கவேண்டும் என வரிசை வகுத்தார். தாள் மடித்தல், தாள் பின்னல், தாள் வெட்டல் ஆகியவை கைப்பயிற்சிகளாயின. 1851இல் பிரஷ்ய அரசு இப்பள்ளிகளைத் தடைசெய்தது. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். 1860இல் தடை நீங்கியது. குழந்தைகள் தாள் மடிப்பதைக் கண்டு ஓர் அரசு அஞ்சியது வியப்புக்குரியதே.

அந்தக் கொடைகள் கடல்கடந்து சென்னைக்கும் வந்தன. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் பயின்று, வருவாய்த்துறையில் பணியாற்றிய தண்டலம் சுந்தர ராவ் என்பவர் அவற்றுள் எட்டாம் கொடையைக் கண்டார். வெவ்வேறு வண்ணங்களில் 200 சதுரத் தாள்கள், மடிப்பதற்குரிய ஒரு சிறு கருவி, மடிக்கும் முறையைக் காட்டும் படங்கள் ஆகியவை அடங்கிய பெட்டி அது. பலர் அதனைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டு நகர்ந்திருப்பர். சுந்தர ராவ் தாமே அமர்ந்து மடித்தார். கோணத்தை இரு சமக்கூறாக்க, கவராயம் கொண்டு மூன்று வில் வரையவேண்டும். தாளில் ஒரே மடிப்பு போதும். ஒழுங்கற்ற தாள்துண்டு ஒன்றிலிருந்து சதுரம் செய்வதில் தொடங்கி, சமபக்க முக்கோணம், ஐங்கோணம், அறுகோணம் எனப் படிப்படியாக உயர்ந்து, பரவளையம், நீள்வட்டம் போன்ற வளைகோடுகள்வரை 14 இயல்களில் அவர் எழுதிய ஆங்கில நூல் 1893இல் சென்னையில் அடிசன் நிறுவனத்தாரால் வெளியிடப்பட்டது.

புகழ்பெற்ற செருமானியக் கணித அறிஞர் ஃபெலிக்ஸ் கிளைன் தம் நூல் ஒன்றில் இதனைக் குறிப்பிட்டார். அக்குறிப்பைக் கண்ட அமெரிக்கப் பேராசிரியர்கள் பீமன், சுமித் இருவரும் நூலைத் தேடிப்பெற்றுச் செப்பனிட, 1901இல் சிகாகோவில் புதிய பதிப்பு வந்தது. 1966இல் நியூயார்க்கில் மறுபதிப்பும் கண்டது. மழலையர் விளையாட்டுப் பெட்டியிலிருந்து எழுந்த ஒரு நூல் அறிஞர்களின் மேசைக்குச் சென்றது. இன்று சுந்தர ராவின் பெயரைத் தமிழ்நாட்டு மாணவர்களைவிடத் தாள்மடிப்புக் கலை பயிலும் அயல்நாட்டினர் நன்கு அறிவர் என்பது சற்று வருந்தத்தக்கது.

அந்நூலில் தொடர்கள் பற்றியே தனி இயல் உண்டு. எண்வரிசைகளைத் தாளில் காணும் முறையை இளங்குழந்தைகளுக்கும் ஏற்றவாறு எளிமையாக்கலாம். ஒரு சதுரத்தாளை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை அட்டையில் ஒட்டவேண்டும். எஞ்சிய பாதியை மீண்டும் இரண்டாக்கி ஒன்றை ஒட்டவேண்டும். அரை, கால், அரைக்கால், வீசம் என்று துண்டுகள் சிறுத்துக்கொண்டே வரும். ஒவ்வொரு முறையும் கையில் மிஞ்சுவது, கடைசியாக ஒட்டிய துண்டின் அளவே இருக்கும். அட்டை முழுச்சதுரத்தை நெருங்கிக்கொண்டே இருக்கும், நிறைவதோ இல்லை. வெட்டாமல் மடித்துக்கொண்டே போனால் அடுக்குகள் 2, 4, 8, 16 எனப் பெருகும். ஏழாம் மடிப்பில் 128 அடுக்குகள்! ஏழுக்குமேல் மடிக்க இயலாது என்றே பலகாலம் நம்பினர். 2002இல் பிரிட்னி கேலிவன் என்னும் அமெரிக்கப் பள்ளி மாணவி மிக நீண்ட தாளொன்றை 12 முறை மடித்துக் காட்டினார்.

எங்கே வெட்டுவது?

வரிசையிலிருந்து அடுத்த படி அமைப்பு. ஒரு கூறு மாறாமல் மீண்டும் மீண்டும் வருவதையோ, ஒரே விதியால் வளர்ந்துகொண்டே போவதையோ அமைப்பு என்கிறோம். சிவப்பு, மஞ்சள், சிவப்பு, மஞ்சள் என்று சங்கிலி கோக்கும் குழந்தையிடம் 'அடுத்து எது?' என்று கேட்டால் எளிதில் சொல்லிவிடும். அதைக்கொண்டு குழந்தை அமைப்பை அறிந்துவிட்டதாக மகிழ்வது அவசரம். முன்னிருக்கும் வளையத்தின் நிறத்துக்கு மாறான நிறத்தைச் சொன்னாலே அவ்விடை வந்துவிடும் அல்லவா?

உண்மையில் அறிந்ததா எனக் காண ஒரு வழி உண்டு. சிவப்பு, சிவப்பு, மஞ்சள் என்னும் கூறு நான்குமுறை வருமாறு பன்னிரண்டு வளையங்களைக் கோத்துவிட்டு, கத்தரிக்கோலைக் குழந்தையிடம் கொடுத்து, 'எல்லாத் துண்டுகளும் ஒன்றுபோல இருக்கும்படி இதை வெட்டு' என்று சொல்லவேண்டும். மூன்றாம் வளையத்துக்கும் நான்காம் வளையத்துக்கும் இடையில் கத்தரி நின்றால், திரும்பத் திரும்ப வரும் கூறு எது என்பதைக் குழந்தை கண்டுவிட்டது. சங்கிலியை வெட்டுவதா என்று சிலர் தயங்குவர். அதனைச் செய்ததே இதற்குத்தான்.

கூறு குறைந்தது மூன்றுமுறையேனும் வந்தபின்பே கேள்வி கேட்கவேண்டும் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. ஒரு சிவப்பும் ஒரு மஞ்சளும் மட்டும் காட்டி 'அடுத்து எது?' என்றால், மஞ்சள் என்று சொல்லும் குழந்தையும் தவறு சொல்லவில்லை. அதன் மனத்தில் சிவப்பு, மஞ்சள், மஞ்சள் என்னும் வேறோர் அமைப்பு இருக்கலாம்.

தாள் பின்னல் இன்னும் நல்ல ஆசான். ஒரு தாளில் இணையான பிளவுகள் இட்டு, வேறு வண்ணக் கீற்றை மேலே, கீழே, மேலே, கீழே என நுழைக்கவேண்டும். இரண்டாம் கீற்று கீழே, மேலே என்று மாறித் தொடங்கவேண்டும். மாறாமல் முதற்கீற்றைப் போலவே சென்றால் இரு கீற்றுகளும் ஒன்றையொன்று தழுவி ஒரே தடித்த கீற்றாகிவிடும், பாய் உருவாகாது. தென்னங்கீற்று முடைவோரும், கோரைப்பாய் நெய்வோரும் இதனை எவரும் எழுதிவைக்காமலே அறிந்திருந்தனர். தாள் பரவலாவதற்கு முன் நம் குழந்தைகளுக்குத் தென்னையோலையும் பனையோலையுமே தாளாக இருந்தன. ஓலைக் காற்றாடியும், கிலுகிலுப்பையும், ஓலைப்பாம்பும் மடிப்பு வரிசை பிழையாத கைகளிலிருந்து வந்தவையே.

வளரும் அமைப்புக்குக் காக்கநாட்டில் தொலைவு செல்லவேண்டியதில்லை. ஓணத்தோடு தொடர்புடைய திருக்காக்கரைக் கோயில் அருகிலேயே உள்ளது. ஆவணித் திங்களையொட்டி வரும் அத்தம் நாளில் முற்றத்தில் சிறிய பூக்களம் இடுகின்றனர். நாள்தோறும் ஒவ்வொரு வளையமாகப் பெருக்கித் திருவோணத்தன்று நிறைவு செய்கின்றனர். அத்தம், சித்திரை, சோதி, விசாகம், அனிழம், திருக்கேட்டை, மூலம், பூராடம், உத்திராடம், திருவோணம் என்று மலையாளக் குழந்தை சொல்லும் இதே வரிசையைத் தமிழ்க் குழந்தை அஸ்தம், சித்திரை, சுவாதி, விசாகம், அனுஷம், கேட்டை எனத் தன் வீட்டு நாள்காட்டியில் காணலாம். பத்து வண்ணத்தாள்களைச் சிறியதிலிருந்து பெரியதுவரை வட்டங்களாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் தாள் பூக்களம் கிடைக்கும். எதை முதலில் ஒட்டுவது? பூவால் இடுகையில் சிறியது முதலில். தாளால் ஒட்டுகையில் பெரியது முதலில். வரிசை தலைகீழாவதைக் கண்டு குழந்தைகள் வியப்பது உறுதி.

இதழ்கள் வேண்டுமெனில் ஒரு வட்டத்தாளை மூன்றுமுறை பாதியாக மடித்து, நடுவில் ஒரு சிறு துளை வெட்டலாம். விரிப்பதற்குமுன் எத்தனை துளைகள் இருக்கும் என்று ஊகிக்கச் சொல்லவேண்டும். எட்டு. இனி, நடுவில் வெட்டாமல் ஓர் ஓரத்து மடிப்பில் வெட்டினால்? பெரியவர்களும் எட்டு என்பர். விரித்தால் நான்கே இருக்கும். ஏன் என்பதை மடிப்புகளை எண்ணிப் பார்த்து அறிந்துகொள்வதே முறை.

பள்ளிக் கண்காட்சி நெருங்கும் நாள்களில் வேறொரு காட்சியைக் காண்கிறோம். பெற்றோர் இரவெல்லாம் விழித்து வெட்டிய அழகிய தாள்மலர்கள் காலையில் குழந்தையின் பெயரைத் தாங்கி வந்துசேர்கின்றன. அவை பிழையற்றவை, ஆனால் அவற்றை வெட்டிய கை குழந்தையினுடையது அன்று. ஒட்டுப்பசை வழிந்த, வளையம் ஒன்று கிழிந்து மீண்டும் ஒட்டப்பட்ட சங்கிலி அவற்றின் அருகே தொங்குமானால், பார்ப்போர் அங்கே சற்று நின்று, 'இதை எப்படிச் செய்தாய்?' என்று குழந்தையிடம் கேட்கவேண்டும். குழந்தை வரிசைதவறாமல் சொல்லும்.

சொல்லும் பொருளும்

கீற்று – நீண்டு ஒடுங்கிய துண்டு
புரி – கயிற்றின் முறுக்கிய இழை
முடைதல் – ஓலை முதலியவற்றைப் பின்னுதல்
கவராயம் – வட்டம் வரையும் கருவி
வீசம் – பதினாறில் ஒரு பங்கு
ஊகித்தல் – முன்கூட்டிக் கருதுதல்

பயிற்சி

1. 'ஒட்டிவிட்டுக் கோக்க முடியாது' என்பதன் காரணத்தை உம் சொந்த நடையில் எழுதுக.

2. பாடத்தில் வரும் சலவைத்துறைப் பகுதியிலிருந்து வினையெச்சங்களை எடுத்தெழுதி, அவற்றுள் இரண்டை இடம்மாற்றி அமைத்து, பொருள் எவ்வாறு கெடுகிறது என விளக்குக.

3. தென்னையோலையிலோ தாளிலோ நீவிர் செய்யத் தெரிந்த ஒரு பொருளை, 'முதலில்', 'பிறகு' என்னும் சொற்களைப் பயன்படுத்தாமல், வினையெச்சங்களாலேயே ஐந்து வரிகளில் எழுதுக. எழுதியதை வேறொருவரிடம் கொடுத்து, அதன்படி மட்டும் செய்யச் சொல்லுக. அவர் எந்த இடத்தில் தயங்கினாரோ அந்த வரியைத் திருத்தி எழுதுக.

4. ஒரே அளவுள்ள சிறு சதுரத்தாள்களை வெட்டிக்கொள்க. ஒரு சிவப்புச் சதுரத்தை ஒட்டி, அதன் இரு பக்கங்களைத் தழுவி, தச்சரின் மூலைமட்டம் போன்ற வடிவில் மூன்று மஞ்சள் சதுரங்களை ஒட்டுக. அதனைத் தழுவி ஐந்து பச்சைச் சதுரங்கள். பின்னர் ஏழு நீலச் சதுரங்கள். ஒவ்வொரு படியிலும் மொத்தம் எத்தனை சதுரங்கள் உள்ளன? அடுத்த நிறத்தில் எத்தனை வெட்டவேண்டும்? வெட்டுவதற்குமுன் எழுதுக.